சுவர் நகர்ந்த பெட்டி

பரமத்தி வேலூர் மைதிலியின் மனப்பாடம் அந்த வட்டாரத்தில் பேர்போனது. பதினொன்று, பன்னிரண்டு இரண்டும் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றில் படித்தவள். விடியுமுன் எழுப்பி உட்காரவைத்து, புத்தகத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கச் சொன்ன பள்ளி அது. மதிப்பெண்ணை அள்ளினாள். மருத்துவம் வேண்டாம், இயற்பியல்தான் என்று ஒற்றைக் காலில் நின்று பி.எஸ்சி. சேர்ந்தாள். மூன்றாம் ஆண்டில், கல்லூரிப் பாடத்தையும் தாண்டி, குவாண்டம் இயக்கவியல் கணக்குகளைத் தானாகவே நோட்டு நோட்டாகப் போட்டுத் தள்ளினாள். அந்தப் பிடிவாதத்தை மெச்சாமல் என்ன செய்வது!

சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம், எம்.எஸ்சி.யும் முனைவர் பட்டமும் சேர்ந்த படிப்புக்கு அவளை நேர்காணலுக்கு அழைத்தது. வெற்றிலைக் கொடிக்காலில் நின்றபடி அப்பா சின்னுசாமி முடிவாகச் சொல்லிவிட்டார்: "இது கெடச்சாப் போ சாமி. கெடைக்கலீன்னா பி.எட். சேந்துக்கோணும்."

நேர்காணலில் கரும்பலகை முன் நிறுத்தினார்கள். ஒரு பெட்டிக்குள் அடைபட்ட துகள், இருப்பதிலேயே குறைந்த ஆற்றலில் இருக்கிறது. ஒரு பக்கச் சுவரைச் சட்டென்று நகர்த்திப் பெட்டியை இரு மடங்காக்கினால் என்ன ஆகும்? மைதிலியின் கை யோசிக்கவே இல்லை. தெரிந்த சூத்திரத்தில் நீளத்தை மட்டும் மாற்றி மளமளவென்று எழுதி முடித்தது.

"சுவர் நகர்ந்த அந்த நொடியிலேயே துகளும் மாறிடுமாம்மா?" என்றார் நேர்காணல் குழுவில் இருந்த பேராசிரியை.

மைதிலி தான் எழுதியதைத் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், அவள் சமாளிக்கவில்லை. "மனப்பாடத்துல எழுதிப்போட்டனுங்க. அழிச்சுட்டு மொதல்ல இருந்து போடட்டுங்களா?"

இருபது நிமிடம் ஆனது. தடுமாறினாள், கழித்தல் குறியை விட்டாள், திருத்தினாள். சுவர் போனாலும் துகளின் அலை அந்த நொடியில் பழையபடியேதான் இருக்கும் என்று பிடித்துக்கொண்டு, அதைப் புதிய பெட்டியின் நிலைகளாகப் பிரித்தாள். அளந்து பார்த்தால் இரண்டாம் நிலையில் அகப்படச் சரிபாதி வாய்ப்பு என்று வந்தது. அதுவரை எந்த நோட்டிலும் அவள் பார்க்காத விடை. மற்ற கேள்விகளுக்கு நேரமே இல்லாமல் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து, இடம் கிடைத்ததாக மின்னஞ்சல் வந்தது.

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஒரே கேள்விக்குத்தான் பதில் சொன்னேன்னியே?"

"ஆமாங்கப்பா. அதையும் மொதல்ல தப்பாத்தான் போட்டேன்."

"தப்புன்னு அவங்ககிட்டயே சொன்னியா?"

"சொல்லிப்போட்டனுங்க."

சின்னுசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது வேர்வையை மட்டுமல்ல.

"போய்ட்டு வா சாமி. நீ எங்க போனாலும் பொழச்சுக்குவே."