சோறு இல்லாத உப்புக்கண்டம்

மத்தியானம் பன்னிரண்டு அடித்ததும் எங்கள் ஆபீசில் டோனா தன் கைப்பையைத் திறந்து, விரல் நீளத்தில் கருத்துச் சுருங்கிய ஒரு கறித்துண்டை எடுத்து, வெறும் வாயில் போட்டு மெல்லத் தொடங்குவாள். தட்டு கிடையாது, கை கழுவுகிற வழக்கமும் கிடையாது. ஒரு கை டைப்ரைட்டரில் இருக்கும், மறு கை கறியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கு இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் தோன்றியது. அட, இது நம்ம உப்புக்கண்டம் அல்லவா என்ற சந்தோஷம் ஒன்று. பாவம், இவள் வீட்டில் இன்றைக்குச் சோறு பொங்கவில்லை போலிருக்கிறது என்ற இரக்கம் மற்றொன்று. அமெரிக்காவில் ஒருவருக்காக நான் இரக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சங்கரன்கோவிலில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. வளைகுடாவில் குழாய் போடும் அமெரிக்கக் கம்பெனி ஒன்றில் படம் வரைகிற வேலையில் இருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர்களே என்னை அழைத்துவந்து டெக்சஸில் உட்கார வைத்தார்கள். என் மனைவி புஷ்பம் ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகள் எஸ்தருக்கு அப்போது ஐந்து வயது. என் வேலை நிரந்தரம் ஆனால்தான் அவர்களை அழைத்துக்கொள்ளக் காகிதம் போட முடியும். நிரந்தரம் ஆவதற்கு முன் கம்பெனி டாக்டர் பார்ப்பார். பார்த்தார். என்னைத் தராசில் ஏற்றி, முள்ளைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, இருபத்தைந்து பவுண்டு குறைத்துவிட்டு நான்கு மாதம் கழித்து வா, அதுவரை கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். ஊரில் என்னைப் பார்த்து 'நல்லா இருக்கான்' என்று சொன்ன அதே உடம்புதான்.

விஷயம் தெரிந்ததும் டோனா தன் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். பாக்கெட் பாக்கெட்டாக அந்தக் கறி. இதற்கு ஜெர்க்கி என்று பெயர், முழுக்கப் புரோட்டீன், கொழுப்பு குறைவு, உடம்பைக் குறைக்கிறவர்கள் இதைத்தான் தின்கிறார்கள் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. உப்புக்கண்டம் தின்று மெலிவதா? எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கும் உடம்பு தேறக் கொடுப்பதல்லவா அது? இருந்தாலும் சாமியே வரம் கொடுத்தமாதிரி இருந்தது. அன்று சாயங்காலமே ஆறு பாக்கெட் வாங்கிவிட்டேன். அது மாட்டுக்கறி. வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது 'கறி' என்று பொதுவாக எழுதிக்கொண்டேன்.

சித்திரை வெயிலில்தான் புஷ்பம் உப்புக்கண்டம் போடுவாள். ஆட்டுக்கறியை நீள நீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் இடித்த மிளகாய் வத்தலும் போட்டுப் பிசைவாள். அவள் கை பூசினாற்போல இருக்கும். கல்யாணத்துக்குப் போட்ட வளையல்கள் சோப்புப் போட்டாலும் கழலாது, அதனால் வளையலோடுதான் பிசைவாள். ஒரு வாரத்துக்கு வளையலில் மஞ்சள் ஒட்டியிருக்கும். பிறகு கோணி ஊசியால் கறியை நூலில் கோத்து, மொட்டைமாடித் தட்டட்டியில் இரண்டு கம்புக்கு நடுவே கட்டி, காக்காய்க்காகப் பழைய குடைத்துணியை மேலே தொங்கவிடுவாள். கீழே தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் எங்கள் தட்டட்டியில் ஒரு துண்டுகூடக் காயாது. கோயிலுக்குப் போகிற கூட்டம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். யாரும் வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவளாகவே கம்பைப் பிடுங்கி வைத்துவிடுவாள். காய்ந்த கறியை அம்மியில் லேசாகத் தட்டி, எண்ணெயில் சின்ன உள்ளியோடு வறுத்தால் தெருமுனைவரை மணக்கும். வறுத்த சட்டியில் எண்ணெயும் காரமும் ஒட்டிக்கிடக்குமே, அதில் சுடுசோற்றைப் போட்டுப் பிரட்டினால் சட்டிச்சோறு. அதற்காக எங்கள் இரண்டு பேருக்கும் சண்டையே நடக்கும். கடைசியில் சட்டிக்கு நடுவே விரலால் ஒரு கோடு போட்டு ஆளுக்குப் பாதி தின்போம்.

ஆக, எனக்குச் செய்முறை தெரியும். ஜெர்க்கியில் சீனி போட்டிருந்ததால் வெந்நீரில் ஊறவைத்து இனிப்பை எடுத்தேன். அம்மி இல்லாததால் சுத்தியலால் தட்டினேன். கீழ்வீட்டுக்காரர் வந்து என்ன மராமத்து நடக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார். உள்ளியும் வத்தலும் போட்டு வறுத்து, சுடுசோறு வடித்து, ஒரு மாதம் தவறாமல் டயட் இருந்தேன். மாதக் கடைசியில் தராசில் ஏறினால் நான்கு பவுண்டு கூடியிருந்தது.

டோனா நம்பவில்லை. தினமும் தின்கிறாயா என்றாள். தினமும் என்றேன். எவ்வளவு? ஒரு பாக்கெட். கூட வேறு என்ன தின்கிறாய்? ஒன்றுமே இல்லை என்றேன். சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. கூட என்றால் ஒரு பொரியல், ஒரு அப்பளம், ஒரு ஊறுகாய். இதெல்லாம் இல்லாமல் உப்புக்கண்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு சாப்பிட்டதையே நான் பெரிய தியாகமாக நினைத்திருந்தேன். அவள் விடவில்லை, நாளைக்கு உன் சாப்பாட்டை இங்கே கொண்டுவா என்றாள். மறுநாள் தூக்குவாளியைத் திறந்தேன். கும்பாரமாக இருந்த சோற்றைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள். சாப்பாடு என்றேன். ஓரத்தில் கிடந்த ஐந்து கறித்துண்டைக் காட்டி, அப்போது இது? தொட்டுக்கொள்ள என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சோறு உள்ளே போவதற்கு என்றேன். அவள் ஜெர்க்கியையும் சோற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. முப்பத்து நான்கு வருடமாக உப்புக்கண்டம் தின்கிறேன், அதன் வேலையே சோற்றை உள்ளே தள்ளுவதுதான் என்பது அந்த நிமிஷம்வரை எனக்கு உறைக்கவில்லை. மூன்று மாதம்தான் மிச்சம் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மாலை ஊருக்கு டெலிபோன் போட்டேன். அங்கே ஞாயிறு காலை. எங்கள் தெருவில் ஹெட்மாஸ்டர் வீட்டில்தான் போன் உண்டு. ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் புஷ்பம் ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பின சேலையோடு வந்திருப்பாள். எடுத்ததும் "சாப்பிட்டியளா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

"பதினோரு கிலோ குறைஞ்சாத்தான் கையெழுத்துப் போடுவாங்களாம், புஷ்பம். அதுக்குப் பொறவுதான் உங்க ரெண்டு பேரையும் கூப்பிட முடியும்."

"சோத்த விட்டுட்டு வெறுங் கண்டத்தையா திங்கச் சொல்லுதாவ?" என்றாள். ஆமாம் என்றேன்.

"இது பொம்பளையளுக்கும் உண்டா?"

நான் டோனாவை மனதில் வைத்துக்கொண்டு, பொம்பளைகள்தான் இதில் ரொம்ப மும்முரம் என்றேன். அவள் "சரி" என்றாள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

மறுநாளே அரிசி மூட்டையை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, திங்கட்கிழமை மத்தியானம் டோனாவுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வெறும் ஜெர்க்கி, தண்ணீர். முதல் பத்து நாள் தாடை வலித்தது. வாய் மென்றுகொண்டே இருக்கும், வயிறு சாப்பாடு எப்போது என்று கேட்டுக்கொண்டே இருக்கும். தொட்டுக்கொள்வதையெல்லாம் தின்றுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்திருக்கிற மாதிரி ஒரு குறை. டோனா எனக்குப் பேச்சுத் துணை கொடுத்தாள், அவளுடைய அம்மா, நாய், முறிந்த கல்யாணம் எல்லாம் அந்த மூன்று மாதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. பசியில் எனக்கு அழுகை வந்த நாளும் உண்டு. நான்காம் மாதம் டாக்டர் முள்ளைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். பேன்ட் இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் அவருக்கு நன்றி சொன்னேன்.

காகிதம் நகர்ந்து, சென்னையில் விசாவும் டாக்டர் சோதனையும் முடிந்து, அவர்கள் வந்து இறங்க மேலும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. திரும்ப நிறுத்துப் பார்ப்பார்களோ என்று அதுவரை நானும் அரிசியைத் தொடவில்லை. விமான நிலையத்தில் எஸ்தரைத்தான் முதலில் அடையாளம் தெரிந்தது. அவள் கையைப் பிடித்திருந்த பெண்ணைத் தெரியவில்லை. கழுத்தெலும்பு தெரிய, ரவிக்கை தொளதொளவென்று, கன்னம் ஒட்டி ஒருத்தி. அவளும் என்னைத் தாண்டி யாரையோ தேடினாள். கல்யாண வளையல்கள் கழன்று விழாமலிருக்க நூலைச் சுற்றிக் கட்டியிருந்தாள். உடம்புக்கு என்ன என்று பதறிப்போய்க் கேட்டேன்.

காரில் ஏறியபிறகுதான் சொன்னாள். அன்றைக்குப் போனில் நான் சொன்னதைக் கேட்டு, அமெரிக்காவுக்கு வருகிற எல்லோரையும் நிறுத்துப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள் என்று எடுத்துக்கொண்டாளாம். அன்று ராத்திரியிலிருந்து சோற்றை விட்டுவிட்டு இரண்டு துண்டு உப்புக்கண்டமும் செம்புத் தண்ணீரும். கேட்டவர்களிடம் கர்த்தருக்கு நேர்ந்துகொண்ட பொருத்தனை என்று சொல்லிவிட்டாள். கடிதத்தில் எழுதினால் நான் கவலைப்படுவேன் என்று எழுதவில்லை.

"மெட்ராஸ்ல மெஷின்ல ஏத்தினாவல்லா, அங்கன செருப்பக்கூடக் கழட்டி வச்சிட்டேன். எழுதிக்கிட்டு, போலாம்னு சொன்னாவ. அப்பந்தான் உசுரு வந்துது."

நான் சிரித்திருக்க வேண்டும். ரோட்டோரமாக வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன். எஸ்தர் பின்சீட்டில் இருந்து அப்பாவுக்கு என்ன என்று கேட்டாள். வண்டியில் கோளாறு என்று புஷ்பம் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரிக்குப் பின்னாலிருந்த அரிசியை வெளியே இழுத்தேன். புஷ்பம் ஜெர்க்கியைக் கடித்துப் பார்த்து, இதில் சீனியா போட்டிருக்கிறார்கள் என்று முகத்தைச் சுளித்துவிட்டு, சுத்தியலை வாங்கித் தட்டினாள். கீழ்வீட்டுக்காரர் இந்தத் தடவை வரவில்லை. மூன்று பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டு, எஸ்தர் அங்கேயே தூங்கிப்போனபிறகு, புஷ்பம் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி நடுவே விரலால் கோடு போட்டாள். சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தவள், குளியலறை வாசலில் கிடந்த என் எடைமெஷினைக் கண்டு நின்றாள். கொஞ்சம் யோசித்து, ஒரு காலை மட்டும் அதன்மேல் வைத்தாள்.

"ரெண்டு காலையும் வை, அப்பந்தான் சரியாக் காட்டும்" என்றேன்.

"வச்சா திரும்ப அனுப்பிருவாவளா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் தரையில் இருந்த காலை எடுக்கவில்லை. பக்கத்தில் போய் என் ஒரு காலையும் அதன்மேல் வைத்தேன். முள் இரண்டு மூன்று தடவை ஆடி, அவள் எடையும் இல்லாத, என் எடையும் இல்லாத ஏதோ ஓர் எண்ணில் வந்து நின்றது. நாங்கள் அப்படியே நின்று சட்டிச்சோற்றைத் தின்று முடித்தோம்.