எஸ்னாத் பொறுக்கிய குண்டன்

மலாவி நாட்டின் பிளாந்தயர் நகரில் ஒரு சிறிய ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாகக் கிருமி வளர்க்கும் எஸ்னாத் லிகோம்பா நாணல் மாதிரி ஒல்லி. ஆனால் ஒல்லியான எதையும் அவள் நம்பமாட்டாள். எடை பார்க்கும் நாளில் நர்சுகள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டும்படி நான்கு பிள்ளைகளை வளர்த்தவள். மகளைப் பெண் கேட்டு வந்தவனிடம்கூட, "பேச்செல்லாம் அப்புறம், முதல்ல நிசிமாக் களி சாப்பிடுப்பா" என்றுதான் ஆரம்பித்தாள்.

அவளுடைய தட்டுகளில் கிருமிகள் திரண்ட புள்ளிகளாகப் பளபளக்கும். பக்கத்து ஆய்வகத்துக்காரர்கள் பார்க்க வருவார்கள். அவை டைபாய்டுக்கு நெருங்கிய சொந்தம், வயிற்றையும் ரத்தத்தையும் ஒருகை பார்ப்பவை என்பதெல்லாம் அவளுக்கு இரண்டாம்பட்சம்.

ஒரு கிருமிக்குள் சுருண்டிருக்கும் டி.என்.ஏ. என்ற மரபிழையை நீட்டினால் கிருமியைவிட ஆயிரம் மடங்கு நீளும். சில புரதங்கள் அதை வளைத்து, மடித்து, பாலம் போட்டு உள்ளே அடக்குகின்றன. அவற்றில் ஒன்றுக்குக் கூடுதல் பொறுப்பு: வேறு கிருமிகளிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்ட மரபணுக்கள் மேல் ஏறி உட்கார்ந்து, அவற்றை வாய்திறக்க விடாமல் வைத்திருப்பது. அந்தப் புரதத்தை எடுத்துவிட்டால் வந்தேறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்த வேண்டும்.

ஆய்வகத் தலைவர் டாக்டர் கோண்ட்வே எடுத்துப் பார்த்தார். கத்தவில்லை. மூன்று மாதம் சோதித்தும் ஏறக்குறைய அமைதிதான். எதிர்பார்த்தது நடக்காததில் அவருக்கு ஒரே சந்தோஷம். 'எங்கள் ஊர்க் கிருமிக்கு இந்தக் காவல் தேவையில்லை' என்று வெள்ளிக்கிழமை தார் எஸ் சலாம் மாநாட்டில் மேடையேறிச் சொல்வதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை காலைத் தேநீரின்போது, தட்டுகளை அவித்துக் கழுவும் கலோங்கா வாய் நிறைய மந்தாசிப் பணியாரத்தோடு சொன்னார்: "உங்க கைராசியே தனிதான் அம்மா. அன்னிக்கு டாக்டரோட சோதனைத் தட்டுல எல்லாம் கடுகு மாதிரி சுண்டிக் கிடந்துச்சு. நீங்க எங்கேருந்தோ ஒரு குண்டனைப் புடிச்சுட்டீங்க!"

எஸ்னாத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

சுண்டிக்கிடந்தவைதான் அந்தப் புரதம் போன அசல் கிருமிகள். உள்ளே அத்தனை பேர் கத்தினால் எந்தக் கிருமிக்குத்தான் உடம்பு தேறும்? அந்தக் குண்டன் வேறெங்கோ இன்னொரு மரபணுவைக் கெடுத்துக்கொண்டு, கத்தியவர்களை அடக்கிவிட்டுக் கொழுத்தவன். அவனைத்தான் ஆசையாகப் பொறுக்கி டாக்டரிடம் கொடுத்திருக்கிறாள்.

"சொல்லாதீங்க" என்றார் கலோங்கா. "அவரும் சந்தோஷமா இருக்காரு, உங்க பேரும் கெடாது."

"என் பேரு கிடக்கட்டும்." சற்று யோசித்தாள். "கிடக்கட்டும்னும் சொல்ல முடியல."

ஆனாலும் போனாள். கோண்ட்வே மேடைக்கு எந்த டை என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடித்தபோது இரண்டு டைகளும் கழுத்தில் இருந்தன.

"மூணு மாசம், எஸ்னாத் அம்மா!"

"தெரியும் டாக்டர். திட்டுறதுன்னா இப்பவே திட்டிருங்க, வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"அந்தச் சுண்டினதுங்களையும் உறைபெட்டியில வச்சிருக்கேன். பாவமா இருந்துச்சு, தூக்கிப்போட மனசு வரல."

இரண்டு நாள் மூவரும் மதியச் சாப்பாட்டை மறந்தார்கள். சுண்டினவை மெதுவாக, முனகிக்கொண்டே வளர்ந்தன. வியாழன் மாலை கணக்கு வந்தது: வந்தேறி மரபணுக்கள் அத்தனையும் சந்தைக்கடை மாதிரி கத்திக்கொண்டிருந்தன. கோண்ட்வே உரையின் தலைப்பை அழித்துவிட்டு, ஒரு குண்டன் தங்களை ஏமாற்றிய கதையைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

"ரெண்டு தட்டோட படமும் போடணும். அந்தப் புள்ளியைப் பொறுக்கினது யாருன்னும் சொல்லியாகணும். உங்க பேரைப் போடவா?"

எஸ்னாத் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஐந்து நாட்டு ஆட்கள் பார்ப்பார்கள்.

"போடுங்க" என்றாள். "ஆனா குண்டன் படத்தைக் கொஞ்சம் பெருசாப் போடுங்க டாக்டர். தப்பான புள்ளைதான். ஆனா வளத்தி எப்படியிருக்குன்னு பாக்கட்டும்."