ஈயின் கண்ணில் திறந்த வாசல்

ஜெசிந்தா சொன்னதுதான் சரி. அது தெரிந்தே அவருடைய ஆய்வு விடுப்பைக் கெடுத்தேன்.

என்மீது அனுதாபத்தைச் செலவழிக்காதீர்கள். அது உங்களுக்கே தேவைப்படும்.

விருத்தாசலத்தில் ஒரு கல்லூரி. அப்போது நான் விலங்கியல் துறைத் தலைவர். எந்தக் கோப்பு எந்த இணைப்போடு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். விலங்கியல்தான் அவ்வளவாக இல்லை.

ஜெசிந்தா என் துறை விரிவுரையாளர். பெண்ணாடம் பஸ்ஸில் வந்து, அழுகிய வாழைப்பழம் போட்ட பாட்டில்களில் பழ ஈ வளர்ப்பவர். ஈயின் கண் செல் ஒளியை எப்படிப் பெருக்குகிறது என்று ஆராய விடுப்புக் கேட்டார். ஒளி பட்டதும் செல்லுக்குள் மின்னூட்டத் துகள்களை விடும் அயனி வாசல்கள் திறக்கும் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். மூடும் என்றல்லவா நான் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தினேன்? ஓரத்தில் எழுதினேன்: ‘அடிப்படைப் பிழை.’

“சார், மூடுறது நம்ம கண்ணுல. ஈக்குத் தொறக்குதுங்க.”

“ஈ உங்ககிட்ட வந்து சொல்லிச்சாம்மா?”

துறையே சிரித்தது.

அன்று மாலை படித்தேன். ஒரே ஒரு ஒளித்துகள் ஒளியை உணரும் ஒரு ரோடாப்சின் மூலக்கூறைத் தூண்டுகிறது. அது பல ஜி-புரதங்களை எழுப்ப, அவை நொதிகளை எழுப்ப, கடைசியில் வாசல்கள்... ஆம், திறக்கின்றன. நுழையும் கால்சியம் பக்கத்து வாசல்களையும் திறக்கத் தூண்டுகிறது.

திருத்தக் குறிப்புக்கு ஒரு வரி போதும். அதற்கான படிவமே நான் வகுத்தது. ஏன் எழுதவில்லை? துறை மறுபடி சிரிக்கும். இம்முறை என்னைப் பார்த்து!

என் இரண்டு சொற்களின் கீழ் விடுப்புக் குழுவினர் நால்வரும் கையெழுத்திட்டார்கள், ஊர்ச் சூளையில் கழித்துப்போட்ட பீங்கான் கோப்பைகளில் டீ குடித்தபடி. அந்தக் கோப்பைகளைக்கூட யாரோ திருப்பிப் பார்த்துத்தான் கழித்திருப்பார். விண்ணப்பத்தை ஒருவரும் திருப்பவில்லை. முதல்வர் நிராகரித்தார். மறு ஆண்டு ஜெசிந்தா அந்த விடுப்புக்கான வயது வரம்பைத் தாண்டிவிட்டார்.

ஈயின் கண்ணில் இன்னொன்றும் உண்டு. பெருக்கிய அதே கால்சியம், அளவு கூடியதும் வாசல்களை அடைத்துவிடுகிறது. தான் தொடங்கியதை நிறுத்த அந்த ஈக்குத் தெரிகிறது...

போன வாரம் பாலக்கரை நிறுத்தத்தில் ஜெசிந்தா பஸ்ஸுக்கு நின்றிருந்தார்.

“நல்லா இருக்கீங்களா சார்?”

“இருக்கேம்மா. உங்க ஈயெல்லாம்?”

“பாட்டிலக் கழுவி வச்சிட்டேங்க. இப்ப காலேஜு டைம்டேபிள் போடுறேன். நீங்க சொல்ற மாதிரியே, இணைப்போட.”

பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்டார். “ஓரத்துல எழுதுனீங்களே சார்... அப்புறமாவது அதப் படிச்சுப் பாத்தீங்களா?”

“நேரம் கெடைக்கலம்மா” என்றேன்.

நான் ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன.