இருபத்தெட்டு என்று எழுதிய செல்

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். நோட்டுப் போட்டு எழுதி வைக்கும் பழக்கம் இல்லை. அளந்த எண்ணைப் பேட்டரிச் செல்லின் மேலேயே பேனாவால் எழுதிவிடுவேன். ஓடாத மின்சார ஸ்கூட்டர்களின் பேட்டரியைக் காயலான் கடையில் வாங்கி வந்து பிரிப்பேன். உள்ளே கட்டைவிரல் மொத்தத்தில் இருக்கும் செல்களை ஒவ்வொன்றாக அளந்து, தேறுவதை வைத்துப் புதுப் பெட்டி கட்டுவேன். மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் தனியாகச் செய்யும் வேலை. ஆட்களோடு பேச எனக்கு வராது என்பதால் இது எனக்குப் பொருந்தி வந்தது.

செல்லின் இரண்டு முனையிலும் இரண்டிரண்டு ஒயர் பிடிக்க வேண்டும். ஒரு ஜோடியில் கரண்ட் போகும், இன்னொரு ஜோடி வோல்ட் பார்க்கும். மீட்டரில் மில்லி ஓம் கணக்கில் ஒரு எண் வரும். கரண்ட் வெளியே வர உள்ளே எவ்வளவு தடை இருக்கிறது என்று அது சொல்லும். எண் சின்னதாக இருந்தால் செல் நல்லது. வயதாக ஆக எண் ஏறும். செல் சூடாக இருந்தால் மட்டும் பொய்யாக இறங்கும். அதனால் எல்லாச் செல்லையும் இரவு முழுக்கத் தரையில் வரிசையாகக் கிடத்தி, விடிந்ததும் அளப்பேன். கையில் எப்போதும் துணி உறை. ஒருமுறை மோதிரம் இரண்டு முனையிலும் பட்டு விரல் வெந்துபோன பிறகு வந்த பழக்கம்.

அளந்தால் மட்டும் போதாது. சார்ஜ் ஏற்றி ஒரு வாரம் சும்மா போட்டு வைத்து, ஏற்றிய சார்ஜ் உள்ளேயே ஒழுகி வடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் கெட்டு, படுத்தால் மூச்சு மெஷின் வேண்டும் அவருக்கு. போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை அவர் மனைவி மாடிப்படியில் பாதி ஏறி நின்று கூப்பிட்டார்.

“தம்பி, நாளைக்குக் காலையில ஒம்பது மணியிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கரண்டு கிடையாதாம். மெஷினுக்கு ஒரு பேட்டரி கட்டிக் கொடுத்துடேன்.”

ஒரு வாரம் ஆகும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டிவிட்டேன்.

அன்று கையில் இருந்தது, கடல் தண்ணீரில் முழுகிய ஒரு ஸ்கூட்டரின் செல்கள். முதல் நாளே சார்ஜ் ஏற்றிக் கிடத்தியிருந்தேன். எல்லாம் முப்பத்து நாலு, முப்பத்தைந்து என்று வந்தன. இரண்டு மட்டும் இருபத்தெட்டு. நல்ல சரக்கு என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். அதில் ஒன்று பெட்டிக்குள் போயிற்று, ஒன்று மிஞ்சியது. சாயங்காலமே என் மனைவி பெட்டியைக் கொண்டுபோய் அவர் கட்டிலடியில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அவள் கொட்டகையைப் பெருக்கினாள். மிஞ்சிய செல்களை ஒதுக்கி வைக்கும்போது கை நின்றது.

“இன்னாங்க இது? கோழி இப்பத்தான் இட்ட முட்டையாட்டம் இருக்குது.”

“எது?”

“இந்த ஒண்ணுதான். மத்ததெல்லாம் சில்லுன்னு கெடக்குது. நீங்கதான் கல்யாண மாப்பிள்ள மாதிரி கையில உறை மாட்டிக்கினு சுத்துறீங்களே, உங்களுக்கு எங்க தெரியப் போவுது.”

உறையைக் கழற்றித் தொட்டேன். ஒயர் எதிலும் மாட்டாமல், மழைக்காலத்துத் தரையில் இரவெல்லாம் கிடந்த இரும்பு, உடம்புச் சூட்டில் இருந்தது. மேலே என் கையெழுத்தில் இருபத்தெட்டு. வோல்ட் பார்த்தேன், சார்ஜ் பாதிக்குமேல் வடிந்திருந்தது. உள்ளே ஒழுகி, அந்த ஒழுக்கிலேயே தன்னைச் சூடாக்கிக்கொண்டு, நல்ல செல் மாதிரி எண் காட்டியிருக்கிறது. இதன் ஜோடி அந்தக் கிழவரின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அது முற்றினால் நெருப்பைக் கக்கும்.

“நீ போய் அந்தப் பெட்டியத் திருப்பி வாங்கிட்டு வா” என்றேன்.

“எனக்குக் கம்பெனி பஸ்ஸு வந்துடும். வாயத் தொறந்து சொல்லுங்க, முத்தா உதிர்ந்துடும்?” என்று இறங்கிப் போய்விட்டாள்.

பதினொரு வருஷம் பக்கத்தில் இருந்தும் அந்த வீட்டுக்குள் நான் போனதில்லை. அந்த அம்மா கதவைத் திறந்து, நான் சொன்னதைக் கேட்டு, “அவர்கிட்டயே சொல்லு” என்று உள்ளே விட்டார்.

ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. இருட்டில் மெஷின் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூக்கையும் வாயையும் மூடிய உறைக்கு மேலே அவர் கண் திறந்திருந்தது. ஒரு கை கட்டிலிலிருந்து தொங்கி, பெட்டியின் ஒரு மூலையில் படிந்திருந்தது. நான் குனிந்து அந்த மூலையைத் தொட்டேன். வெதுவெதுப்பு.

அவர் உறையைத் தூக்கினார். “எடுக்காத” என்றார்.

“செல்லு கெட்டதுங்க ஐயா.”

“கீழ யாரோ இருக்காங்கப்பா. ராத்திரி பூரா நான் தொட்டேன், வெதுவெதுன்னு இருந்தாங்க, விலகிப் போவல. எடுக்காத.”

வழக்கமாக இந்த இடத்தில் நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்திருப்பேன். “எரிஞ்சிடுங்க ஐயா. உங்களோட சேர்த்து எரிஞ்சிடும்” என்றேன். என் குரல் அந்த அறையில் வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

மாடியில் அந்தச் செல்லை அறுத்து மணல் வாளியில் போட்டு, அந்த இடத்தில் சில்லென்ற முப்பத்து நாலு ஒன்றை வைத்து வெல்டு அடித்தேன். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பெட்டியை மறுபடி கட்டிலடியில் வைத்து மாட்டினேன். கரண்ட் போயிற்று. மெஷின் நிற்கவில்லை.

ஆனால் மற்ற செல்களையும் நான் ஒரு வாரம் போட்டுப் பார்க்கவில்லை. எந்த மூலை எப்போது சூடாகும் என்று எனக்குத் தெரியாது. அதனால் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, உறை இல்லாத கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் வரை அப்படியே இருப்பதாக அந்த அம்மாவிடம் சொன்னேன்.

மதியத்துக்குமேல் அவர் கை மெதுவாகக் கீழே வந்தது. பெட்டியைத் தடவி, சில்லென்று இருந்ததும் நின்றது. பிறகு நகர்ந்து நகர்ந்து என் கையைக் கண்டுபிடித்தது. கண் மூடித்தான் இருந்தது. விரல்கள் என் புறங்கையை இரண்டு தடவை வருடிவிட்டு, அங்கேயே படிந்தன. மெஷினின் மூச்சு நிதானமானது.

நான்தான் என்று சொல்லவில்லை. கையையும் எடுக்கவில்லை.