சேரிக் கிணற்றுக்குப் போட்ட பூஜ்யம்

நான் வரைந்த ஊர்த் தண்ணீர்ப் படத்தை மேசைமேல் விரித்ததும் எங்கள் ஓவர்சியர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றங்கரையில் இருந்த எங்கள் ஊரில் தோல் பதனிடும் ஷாப்புகள் பெருகப் பெருகக் கிணறுகள் உப்புக் கரிக்கத் தொடங்கியிருந்தன. ஆற்றிலிருந்து ஒரே ஒரு குழாய் இழுக்க ஜில்லா போர்டு ஒப்புக்கொண்டது. எந்தத் தெருவுக்கு என்பதை அந்தப் படம்தான் சொல்ல வேண்டும். கிணறுகளோ அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. ஊரைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, கிணறு இல்லாத சதுரத்துக்கும் பக்கத்துக் கிணறுகளை வைத்து உப்பைக் கணித்து நீலம் பூசுவது அவர் முறை. உப்பு கூடக் கூட நீலம் கறுக்கும். வரைவது என் வேலை. கோடு மயிரிழை பிசகினாலும் தாளைக் கிழித்துவிடுவார் மனிதர்.

அந்தப் படத்தில் ஊரெல்லாம் கறுத்திருக்க, ஷாப்பை ஒட்டிய சேரி மட்டும் வெளிர் நீலத்தில் மின்னியது. அதன் தயவில் பக்கத்துத் தெருக்களும் சற்று வெளுத்திருந்தன.

“இன்னாய்யா, ஊரு பூரா கரிக்குது, சேரியில மட்டும் எளநியா?” என்று, தண்ணீர் எடுக்கப் போன குமாஸ்தாவைக் கேட்டார்.

குமாஸ்தா மென்று விழுங்கினார். “உள்ள போவல சார். ஒண்ணும் எடுக்கல. அதான் பூஜ்யம் போட்டேன்.”

சேரிக்குள் கால் வைக்க அவருக்கு மனமில்லை. அளக்காத கிணறு, உப்பே இல்லாத கிணறாகப் படத்தில் ஏறிவிட்டது. அப்படியே போர்டுக்குப் போயிருந்தால் சேரிக்குக் குழாய் கிடையாது.

ஓவர்சியர் பூஜ்யங்களை அடித்துவிட்டு, அந்தச் சதுரங்களுக்கு நிறமே பூசாமல் வேறு படம் வரையச் சொன்னார். பஞ்சாயத்துப் பிரசிடெண்டுக்குப் பிடிக்கவில்லை. “கலெக்டர் பாக்குற படத்துல ஓட்டையா? சுத்தி இருக்கிறத வெச்சு ரொப்பிடுங்க.”

“கிணறு இல்லாத எடத்துல அப்படித்தாங்க ரொப்புறோம். இங்க கிணறு இருக்குது, நாமதான் போவல. நடுவுல தோல் ஊறுற ஷாப்புக் குழிங்க வேற. அந்தாண்ட தெருத் தண்ணிய வெச்சு இத சொல்ல முடியாதுங்க” என்றார் ஓவர்சியர்.

மறுநாள் அவரே சீசாக்களோடு சேரிக்குப் போனார்; நானும் போனேன். தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும்வரை எண்ண வேண்டும்; சொட்டு கூடக் கூட உப்பும் கூடுதல் என்று அர்த்தம். அன்று நிறம் மாறுவதற்குள் மருந்துக் குப்பியே காலியாகிவிட்டது. குழாய் சேரிக்குப் போயிற்று. தன் தெருவுக்கு வரும் என்றிருந்த பிரசிடெண்டு அப்புறம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவ்வளவு பிடிவாதம் பிடித்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை. இப்போதும் ஏதாவது படத்தில் ஏழைகள் இருக்கும் பக்கம் குறையில்லாமல் தெரிந்தால், அங்கே யாராவது போய்ப் பார்த்தார்களா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

குழாய் திறந்த அன்று, சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளாய் அந்த உப்புக் கிணற்றுத் தண்ணீரையே குடித்து வந்த ஒரு பெண் முதல் குடத்தை நிரப்பினாள். ஒரு கை அள்ளிக் குடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓவர்சியரைப் பார்த்தாள்.

“இன்னா சாமி, இந்தத் தண்ணியில ஒரு ருசியும் இல்லியே?”