ஓவர்லாக்கும் ஒன்பதாம் நம்பர் சாவியும்

எங்கள் கட்டடத்தில் அவளை எல்லோரும் ஓவர்லாக் என்றுதான் கூப்பிடுவோம். தையல் கம்பெனியில் துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் பதினோரு வருடம் உட்கார்ந்தவள். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை அடிப்பாளாம். ஊசி ஏறி நகம் போன விரல் இரண்டு. குடியிருந்தது இரண்டாம் மாடி, எங்களுக்கு நேர் கீழே. புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பிள்ளைகளைக் கையைப் பிடித்து இறக்கிவிடுவான், குனிந்து ஷூ லேஸ் கட்டிவிடுவான். தெருவே அவனைத் தங்கமான மனுஷன் என்றது.

அந்தத் தங்கம் சாயங்காலமானால் பெண்டாட்டியை அடிக்கும். என் சமையலறைத் தரைதான் அவள் சமையலறைக் கூரை. பாத்திரம் சுவரில் மோதுகிற சத்தம் வேறு, தலை மோதுகிற சத்தம் வேறு. ஆறு வருடத்தில் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரிந்திருந்தது. சத்தம் வந்தால் டிவியைக் கூட்டி வைப்பேன். நான் மட்டுமா, நாலு மாடியும் அதைத்தான் செய்தது. பூசி மெழுக எனக்கு வராது, செய்ததைச் சொல்கிறேன்.

நாலு மாதமாகப் பகலில் அவள் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. வேலைக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று கடைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். கட்டடத்துக்கு வெள்ளையடித்தவர்கள் மாடி எண்களையும் சேர்த்து அடித்துவிட்டிருந்தார்கள். மூன்றாம் மாடிப் படியோரம் நிற்கும் செத்துப்போன வாஷிங் மெஷின்தான் எனக்கு அடையாளம். அதற்கு வலது பக்கம் என் வீடு. அன்றைக்கென்று பழைய சாமான்காரர்கள் அதை ஒரு மாடி இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். நான் போனில் என் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே ஏறினேன். வாஷிங் மெஷின் தெரிந்தது. வலது பக்கம் திரும்பினேன், போனை வைத்தேன், பூட்டில் சாவியைப் போட்டேன். திறந்தது.

கதவைத் தள்ளியதும் கத்தரிக்கோல் பாய்ந்து வந்தது.

பையை நெஞ்சோடு அணைத்திருந்ததால் பிழைத்தேன். எண்ணெய் பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டு முனை என் முன்கையில் இறங்கியது. எண்ணெயும் ரத்தமும் சேர்ந்து ஒழுக, எதிரே ஓவர்லாக் நின்றாள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. உதடு இரண்டாகக் கிழிந்திருந்தது. இடது கை மணிக்கட்டிலிருந்து துணி மாதிரித் தொங்கியது.

"அக்கா, நீங்களா? அவன்னு நினைச்சுட்டேன்."

கம்பெனிக்குப் போனால் சூப்பர்வைசரோடு பேசுகிறாள் என்று வேலையை நிறுத்தி, நாலு மாதமாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறானாம். போனையும் உடைத்துவிட்டானாம். நேற்று வேன் டயர் கழற்றுகிற வீல் ஸ்பேனரால் மணிக்கட்டை உடைத்தானாம். காலையில் போகும்போது சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்: "இன்னைக்கு வந்து வலது கை. அப்புறம் நீ எந்த மிஷின்ல உட்கார்றேன்னு பார்க்கிறேன்." அதனால் அரிசி டப்பாவில் ஒளித்திருந்த தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் காத்திருந்திருக்கிறாள். கழுத்துதான் குறி.

ஈரத்துணியை எடுத்து என் கையில் இறுக்கிக் கட்டினேன். பக்கத்து ஊரில் இருக்கும் அவள் அண்ணனுக்கு, அவள் சொன்ன நம்பரில் போன் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் காரோடு வருவதாகச் சொன்னார். அதுவரை என் வீட்டில் இருக்கட்டும் என்று அவளை வெளியே கூட்டி வந்து, அவனுக்குச் சந்தேகம் வராமல் பழையபடி பூட்டினேன். அப்போதுதான் உறைத்தது. நான் திறந்ததும் பூட்டியதும் என் வீட்டுச் சாவியால். அவன் பூட்டும் எங்கள் பூட்டும் ஒரே கம்பெனி. இரண்டிலும் ஒன்பது என்று ஒரே எண்.

என் சாவி அவன் பூட்டைத் திறந்தால், அவன் சாவி என் பூட்டைத் திறக்கும்.

எங்கள் கதவின் உள்தாழ்ப்பாள் உடைந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டுக்காரரைக் கேட்டால் நாளைக்கு என்பார், அந்த நாளை இன்னும் விடியவில்லை. ஆகவே ஓவர்லாக்கை உள்ளே விட்டு அதே ஒன்பதாம் நம்பரைப் போட்டுப் பூட்டிவிட்டு, வேறு பூட்டு வாங்க ஓடினேன். அவன் வரச் சாயங்காலம் ஆகும் என்ற தைரியம்தான்.

கடைக்காரரைப் பிடித்து நாலு வாங்கு வாங்கினேன். அவர் அசரவில்லை.

"பன்னெண்டு தினுசு சாவிதாம்மா வருது. அது எந்தத் திருடனுக்குத் தெரியப்போகுது?"

இருப்பதிலேயே பெரிய பூட்டாகக் கேட்டேன். கோடவுனுக்குப் போடுகிற பூட்டு, ஒரு கிலோ தேறும். துணிப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

படியில் கால் வைக்கும்போதே இரும்புச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர் வரவில்லை என்று அரை நாள் விட்டுவிட்டார்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்திருக்கிறான். பூட்டு பூட்டியபடி இருக்கிறது, உள்ளே பெண்டாட்டி இல்லை. வெறி பிடித்து வீட்டை நொறுக்கியிருக்கிறான். உடைந்த கண்ணாடி இரண்டாம் மாடி வாசல் வரைக்கும் கிடந்தது. அப்புறம்தான் படியைப் பார்த்திருக்கிறான். என் பையிலிருந்து சொட்டிய எண்ணெய், அவன் வாசலில் தொடங்கிப் படிப்படியாக ஏறி என் வாசலில் போய் நின்றது.

என் பூட்டை வீல் ஸ்பேனரால் அடித்துக்கொண்டிருந்தான். பூட்டு நசுங்கியது, விடவில்லை. அவன் சட்டைப்பையில் சாவியின் தலை எட்டிப் பார்த்தது. அதை எடுத்துப் போட்டால் ஒரே திருகு. அது அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

என்னைப் பார்த்ததும் கூந்தலைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். ஆறு வருடமாகக் கீழேயிருந்து கேட்ட சத்தம் என் மண்டைக்குள்ளேயே கேட்டது.

"எவன்டி அவளுக்குச் சாவி குடுத்தான்? சொல்லு!"

கையிலிருந்த என் சாவி தெறித்துப் படிச்சந்தில் விழுந்து அடிமட்டம் வரைக்கும் போனது.

"போய்ப் பொறுக்கிக்க," என்றேன்.

வயிற்றில் உதைத்தான். உள்ளே ஓவர்லாக் கதவைக் குத்திக்கொண்டு கத்தினாள். மேல் மாடியில் ஒரு டிவியின் சத்தம் கூடியது. என் காதாலேயே கேட்டேன்.

அவன் ஸ்பேனரை ஓங்கினான். நான் பையைச் சுழற்றினேன். ஒரு கிலோ இரும்பு தாடையில் விழுந்தது. பல் தெறித்து என் மேலேயே பட்டது. இன்னொரு தரம் சுழற்றினேன். பின்னால் நகர்ந்தவன் எண்ணெயை மிதித்தான். நேர் படிக்கட்டு, பிடிக்கக் கம்பி கிடையாது. உருண்டு போய், சாமான்காரர்கள் இன்னும் எடுக்காமல் இரண்டாம் மாடியில் நின்ற வாஷிங் மெஷினில் மோதினான். முழங்காலுக்குக் கீழே எலும்பு பேன்ட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

நான் இறங்கிப் போய் அவன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தேன். மேலே வந்து நசுங்கின பூட்டில் அதைப் போட்டு, அவன் பார்க்கப் பார்க்கத் திருகினேன். முக்கிக்கொண்டு திறந்தது.

"அது என் சாவி," என்றான், வாயெல்லாம் ரத்தம்.

"ஆமா, உன்னோடதுதான். உன் வீட்டைத் திறந்தது என்னோடது."

அவன் நம்பவில்லை. எவன் குடுத்தான், எவன் குடுத்தான் என்று முனகிக்கொண்டே கிடந்தான். அப்புறம் போலீஸிலும் அதையேதான் கேட்டானாம்.

ஓவர்லாக் வலது கையில் கத்தரிக்கோலோடு வெளியே வந்தாள். கதவுகள் அப்போதுதான் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவள் படியிறங்குவதைப் பார்த்து அவன் இரண்டு கையாலும் கழுத்தை மூடிக்கொண்டான். அவன் பக்கத்தில் நின்றாள். பின்னாலேயே போன நான் கையை நீட்டினேன்.

"அதை என்கிட்ட குடுத்துடு."

"முடியாதுக்கா. வேலைக்கு வேணும்."

அவனைத் தாண்டிக் காலை எடுத்து வைத்துக் கீழே போனாள். அண்ணன் வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வாசல் படியில் உட்கார்ந்தே காத்திருந்தாள்.

மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியது. இப்போது அண்ணன் ஊரில் ஒரு கம்பெனியில் ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை அடிக்கிறாள். நூல் வெட்டுவது அந்தக் கத்தரிக்கோலில்தான்.