ஆறும்வரை யார் நிற்பது

இன்று எங்கள் மலையூரான பிரிஞ்சாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் "இங்கே கொதித்த தண்ணீர் மட்டுமே" என்று அட்டை மாட்டியிருந்தார்கள். வாசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

எழுபதுகளில் கீழே எங்கோ காலரா என்று பேச்சு வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார். சொன்னதோடு விடாமல், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வீடு வீடாக வந்து பார்த்தார். எல்லா அடுப்பிலும் தண்ணீர் கொதித்தது. மனிதருக்குப் பரம திருப்தி.

எங்கள் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அம்மா கொதித்த தண்ணீரை அரை டம்ளர் ஊற்றி, மீதியைக் குழாயில் பிடித்து நிரப்பிக் கொடுத்தார்.

"என்னம்மா இது?"

"சுடுது லா, டிரசர். வாய் வெந்துடும்."

"தெனமும் இப்படித்தானா?"

"பெரட்டுக்கு மணி அடிச்சிட்டா ஆறுற வரைக்கும் யாரு நிக்கிறது? லயமே இப்படித்தான் குடிக்குது."

டிரசர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப தேயில போட்டு ஒரு தேத்தண்ணி குடுங்க. அதுல பைப்புத் தண்ணி கலக்க மாட்டீங்களே?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தேத்தண்ணில யாராச்சும் பச்சத்தண்ணி ஊத்துவாங்களா?"

மறுநாள் பெரட்டில் உத்தரவு மாறியது. "வெறுந்தண்ணிய விடுங்க. எல்லாரும் தேத்தண்ணியே குடிங்க." எங்கள் லயத்தில் ஒருவருக்கும் காலரா வரவில்லை.

இன்று அந்தக் கடைக்காரம்மா கொதித்த தண்ணீரைக் கொண்டுவந்து, மரியாதையாக இரண்டு ஐஸ் கட்டி போட்டார்.

"ஐஸ் எந்தத் தண்ணிம்மா?"

"பைப்புத் தண்ணிதான் லா, அண்ணே."

தேத்தண்ணி சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டு ஐஸ் எந்தத் தண்ணீர் என்று பார்த்துச் சொல்லுங்கள்.